உறுதியா, நிச்சயமா, கண்டிப்பா

அருமனை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சஜினுக்கு,

இதை எழுதுவது அப்பாதான். யாரும் எழுதித் தரவில்லை. எழுத்தைப் பார்த்து நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். 'ழ' இன்னும் எனக்கு நண்டு மாதிரிதான் வருகிறது. ஆனாலும் தங்கப்பன் என்று எழுதித் தூரத்தில் வைத்துப் பார்த்தால் ஏதோ பெரிய ஆள் பெயர் போல இருக்கிறது. அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. மழை விடாததால் ரப்பர் வெட்டு சரியாக நடக்கவில்லை. உன் தங்கை நந்தனா கல்யாணத்துக்கு மண்டபம் பேசியாயிற்று.

முதியோருக்கு எழுத்துச் சொல்லித்தரும் சாயங்கால வகுப்பில் எனக்கும் அஜிதா டீச்சருக்கும் தினமும் தகராறு. நான் எழுதுவதில் பாதியைச் சிவப்பு மையால் அடித்துவிடுகிறார். 'ரோட்டு நடுசென்டரில் நின்றேன்' என்று எழுதினேன். நடுவும் சென்டரும் ஒன்றுதான், ஒரே பொருளை இரண்டு பாஷையில் எதற்குச் சொல்கிறீர்கள் என்றார். 'தென்னையில் மேலே ஏறினான்' என்றதற்கு, கீழேயா ஏறுவார்கள் என்று கேட்டார். ஒரு சொல்லுக்குள்ளேயே இன்னொன்று அடங்கியிருக்கிறதாம். சரி என்றேன். 'என் கண்ணால் பார்த்தேன்' என்றதை மட்டும் அடிக்கவில்லை. கேட்பவர் நம்பாத இடத்தில் அது பலம் சேர்க்குமாம்.

'எனக்கு ஒரே ஒரு மகன்' என்று எழுதினேன். அதில் 'ஒரு' வேண்டாம் என்று அடித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'ஒரே மகன்' என்றால் ரேஷன் கார்டில் எழுதின மாதிரி இருக்கிறது டீச்சர் என்றேன். அடித்ததால் உங்கள் மகன் குறைந்துவிட மாட்டான் அண்ணாச்சி என்றார். வகுப்பே சிரித்தது. கடைசிவரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

பேசும்போது வார்த்தைக்குச் செலவில்லை. எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் விரல் வலிக்கிறது. அதனால் இப்போது யார் பேசினாலும், எது வேண்டாத வார்த்தை என்று காது தேடத் தொடங்கிவிடுகிறது. இது ஒரு தொல்லையாகிவிட்டது.

நீ போனில் பேசி அனுப்பியதை அம்மா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாள். உறுதியா, நிச்சயமா, கண்டிப்பா கல்யாணத்துக்கு வந்துருவேன் என்கிறாய். அவளுக்கு அது மூன்று மடங்கு சந்தோஷம். எனக்கு எரிச்சலாக வருகிறது. நீ உண்மையில் வரும்போதெல்லாம் 'வாறேன்' என்று மட்டும்தான் சொல்வாய், வந்தும் விடுவாய். கேட்பவர் நம்பாத இடத்தில்தான் பலம் சேர்க்க வேண்டும் என்றார் டீச்சர்; உன்னை இங்கே யார் நம்பவில்லை?

உன்னோடு கல்ஃபில் வேலை பார்க்கிற சிஜோ லீவில் வந்திருக்கிறான். வீட்டுக்கு வந்தவனிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். நல்லா இருக்கான், சுகமா இருக்கான், ஒரு குறையும் இல்ல மாமா என்றான். உன்னைப் போலவே அவனும் ஒன்றையே மூன்று தடவை சொல்கிறான் என்று காதில் பட்டது. அம்மா உள்ளே போன நேரம் பார்த்து, சஜினுக்கு வேலை போய்விட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினான். கொடுத்த சாயா அப்படியே இருந்தது.

ஏலே, இதை என்னிடம் சொல்வதற்கு உனக்கு என்ன? ரப்பர் விலை விழுந்த வருஷம் நான் வேலையில்லாமல் வீட்டில் இருந்ததை நீ பார்க்கவில்லையா?

மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கைபிடித்துப் பந்தலுக்குள் கூட்டி வர வேண்டியது பெண்ணின் அண்ணன். நீ இல்லை என்றால் சித்தப்பா மகனிடம் இப்போதே சொல்ல வேண்டும். கடைசி நேரத்தில் கூப்பிட்டால், ஆள் கிடைக்காமல் கூப்பிட்டார்கள் என்று அவனுக்கு முகம் கறுக்கும். நீ வருவாய் என்று நம்பி நான் யாரிடமும் வாய் திறக்காமல் இருக்கிறேன்.

நந்தனாவுக்குச் செயின் கொண்டுவருவதாகச் சொன்னாயாம். வேண்டாம். அண்ணன் வந்து நின்றால் போதும் என்று அவளே சொல்லிவிட்டாள். டிக்கெட்டுக்கு வழியில்லை என்றால் அதையும் சொல், இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தை சிஜோவிடம் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் ஒரு வார்த்தை எழுதி அனுப்பு. 'வாறேன்' அல்லது 'வரல்ல'. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். இப்போது எனக்கே படிக்கத் தெரியும். எதுவானாலும் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். எந்த நிலையில் இருந்தாலும் வீட்டுக்கு வா மக்கா. வா.

உன் அப்பா,
தங்கப்பன்