விழுந்த பிறகு ஒரு வணக்கம்

அண்ணே,

போன் செய்தால் எடுக்கமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். நேற்று ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் விழுந்துவிட்டேன். பதறாதே, முழுதாகப் படி.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என்னைப் போன்றவர்களுக்கு நஸ்ருதீன் மாஸ்டர் ஜூடோ சொல்லித்தருகிறார். ஆறு மாதமாகப் போகிறேன். முதல் இரண்டு மாதம் விழ மட்டுமே பழக்கினார். தாடையை நெஞ்சோடு சேர்த்து உருண்டு, கையால் தரையை ஓங்கி அறைய வேண்டும். "சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கணும்மா!" என்பார். எழுந்ததும் எதிரில் நிற்பவரைக் குனிந்து வணங்க வேண்டும்.

நேற்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என் செயற்கைக் கால் படியில் சிக்கிக்கொண்டது. கூட்டம் ஓடி வருவதற்குள் உருண்டு, தரையை அறைந்து, எழுந்துவிட்டேன். எழுந்த வேகத்தில் எதிரில் நின்ற கண்டக்டரைக் குனிந்து வணங்கியும்விட்டேன்.

"என்னைய எதுக்கும்மா கும்பிடுதே?" என்று மிரண்டு பின்வாங்கினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு சிராய்ப்புகூட இல்லை, அண்ணே.

பைக்கை விற்றுவிட்டாயாம், அம்மா சொன்னாள். நான்கு வருடமாக நீ வீட்டுக்கும் வரவில்லை. அந்தப் பைக்கில் உன் பின்னால் உட்கார்ந்து வந்து காலை இழந்த நானே அந்த நாளைப் பற்றிப் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மஞ்சள் பெல்ட் பரீட்சை. வந்து முன்வரிசையில் உட்கார். நான் விழும்போது மட்டும் ஓடி வந்து தூக்காதே. அங்கேயே இரு. எழுந்ததும் நான் வணங்க எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

உன் தங்கச்சி