நூறு கோடியே ஏழும் சித்தப்பாவின் எட்டும்

அன்பு அண்ணா, என் கணக்குப் பைத்தியமே,

உன் கல்லறைக் கல் நேற்றுக் காலையில் மாமல்லபுரம் பட்டறையிலிருந்து வந்து இறங்கியது. பெயர் சரி, தேதிகள் சரி. மூன்றாவது வரிதான் தப்பு. 1000000008 என்று வெட்டியிருக்கிறார்கள்.

ஆமாம், எட்டு. நீ கேட்டது ஏழு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வசனமெல்லாம் வாணாம்மே, என் நம்பர மட்டும் போடு" என்றாய். பத்து இலக்கத்தில் வருகிற முதல் பகா எண் அது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் மிச்சமில்லாமல் வகுபடாது. போனைத் தட்டினால் நொடியில் தெரிகிற விஷயம். நீயோ செங்கல்பட்டிலிருந்து கூடுவாஞ்சேரிக்கு வேலைக்குப் போகிற ரயிலில் இரண்டு வருஷம் வகுத்து வகுத்துப் பார்த்தாய். கடைசி வகுத்தலிலும் மிச்சம் வந்த அன்று வீட்டுக்குப் பிரியாணி வாங்கி வந்தாயே, மறக்குமா?

யார் வேலை என்கிறாயா? நம் சித்தப்பாதான். ஞாயிறு பூசையில் முதல் பெஞ்சு, எண் ஜோசியரிடமும் முதல் ஆள். நமக்குத் தெரியாமல் பட்டறைக்குப் போன் போட்டு மாற்றச் சொல்லியிருக்கிறார். கேட்டால் கொஞ்சமும் கூசாமல், "கூட்டிப் பாரு, எட்டு வருது. எட்டு சனி, வூட்டுக்கு ஆவாது. ஒண்ணே ஒண்ணு ஏத்திக்கீறேன், ஒம்போதாயிடுச்சு. இன்னாத்துக்கு இப்டி கத்திகினுகீற?" என்கிறார்.

ஒன்றே ஒன்றுதானாம்! அந்த ஒன்றால் உன் எண் இரண்டுக்கு வகுபடுகிறது, மூன்றுக்கு, ஒன்பதுக்கு வகுபடுகிறது. இன்னும் கேள், எட்டுக்கும் வகுபடுகிறது. எட்டுக்குப் பயந்து எட்டிலேயே போய் விழுந்த மனுஷன்! 1000000009-உம் பகா எண், இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் என்பாயே. அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் இவர் எண் நந்தி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. த்தூ!

அதைவிடக் கேவலம் நான்தான், அண்ணா. வெட்டுவதற்கு முன்னால் பட்டறைக்காரர் எழுத்து மாதிரியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் 'ஓகே' போட்டேன். கடைசி இலக்கத்தையாவது பார்த்திருக்கக் கூடாதா? என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

"வுடும்மா, யாரு வகுத்துப் பாக்கப் போறாங்க?" என்றாள் அம்மா. "அண்ணன் பார்க்கும்" என்றேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

கல்லைத் திருப்பிப் பின்பக்கம் வெட்டித் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். படுக்கைக் கல் அல்லவா, அந்த எட்டு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிடக்கும். முடியவே முடியாது என்றுவிட்டேன். மேல்பக்கம் முழுவதையும் இழைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கல் கொஞ்சம் மெலிந்துவிடும், போகட்டும்.

நாளைக்குக் கல்லோடு நானும் வண்டியில் ஏறி மாமல்லபுரம் போகிறேன். வெட்டி முடிக்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். எட்டுப் பூஜ்யங்களையும் விரல் வைத்து எண்ணுவேன். கடைசியில் இருப்பது ஏழுதானா என்று தடவிப் பார்ப்பேன். அதற்கப்புறம்தான் என் வாயிலிருந்து சரி என்ற சொல் வரும். இது சத்தியம்.

பார்க்காமல் ஓகே போட்ட
உன் தங்கச்சி,
ஸ்டெல்லா