டீச்சரின் வலது கால்

ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். இங்கே மூவரும் நலம். உங்கள் நலமும் ஆஸ்பத்திரி வேலையும் உங்கள் மகள் மூலம் தெரிந்துகொள்கிறேன். தினமும் சாயங்காலம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உங்களோடு போனில் பேசுகிறாள். கதவைச் சாத்தினாலும் சிரிப்பு வெளியே கேட்கத்தான் செய்கிறது.

என் கையெழுத்தில் கடிதம் வந்ததே என்று பதற வேண்டாம். உங்கள் மகளுக்கு ஒன்றுமில்லை. டீச்சருக்குத்தான் உடம்பு சரியில்லை. நீங்கள் விட்டுப்போன நான்கு கோழிகளில், உங்கள் மகள் ஆசையாகப் பேர் வைத்த அந்த வெள்ளைக் கோழிதான். ஒரு வாரமாக வலது காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறது. பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். பாதத்தின் அடியில் கோலிக்குண்டு அளவுக்கு வீக்கம், நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கு. தொட்டால் சுடுகிறது. அதைப் பார்த்ததிலிருந்து உங்கள் மகளும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

அவரிடம் காட்டினேன். ஊரில் உள்ள மோட்டாரையெல்லாம் கழற்றி மாட்டுகிறவர், கோழியின் காலை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அவ இருந்தா ரெண்டே நாள்ல சரி பண்ணியிருப்பா" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். சொன்னது சொன்னதுதானே? எனக்கு வயிறு எரிந்தது, அக்கா. மறைக்கப் போவதில்லை. நீங்கள் இருவரும் பிரிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். உங்களிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. ஆனாலும் தீப்பெட்டியைத் தேடினால்கூட அது நீங்கள் வைத்துப் பழக்கிய இடத்தில்தான் இருக்கிறது.

போனிலேயே கேட்டிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு வாய் அடைத்துவிடும். அதனால் எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்று நான்கு வரி எழுதிப் போடுங்கள். அந்தக் கோழிக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் மகள் என்னை மன்னிக்க மாட்டாள். ஒன்றரை வருடமாகியும் அவள் என்னை எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பாள், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
நீங்கள் இருந்த வீட்டிலிருந்து,
அவருடைய மனைவி


வெள்ளிக்கிழமை

அக்காவுக்கு வணக்கம்.

நான்கு வரி கேட்டேன், நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கூடவே ஒரு பெட்டி நிறைய காஸ் துணி, ஒட்டும் கட்டு, கையுறை, அயோடின். கட்டுப் போடும் விதத்தைப் படம் வேறு போட்டிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது. நான் நாள் முழுக்க அளவு நோட்டில் எழுதுகிறவள்தான், ஆனால் என் எழுத்தை நான் மட்டும்தான் படிக்க முடியும்.

சொன்னபடியே செய்தேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் காலை ஊற வைத்தோம். டீச்சர் முதல் ஐந்து நிமிடம் எல்லாரையும் திட்டினாள். பிறகு சூடு இதமாக இருந்ததோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டாள். பொருக்கு இளகி வந்ததும் மெதுவாக எடுத்தேன். உள்ளேயிருந்து கெட்டியான சீழ் வேர் மாதிரி ஒரே துண்டாக வந்தது. அயோடினால் கழுவினேன். வீட்டில் ஒரு களிம்பு இருந்தது, அதைத் தடவக் கையில் எடுத்துவிட்டேன். வலி மரத்துப்போக மருந்து கலந்த களிம்பு கோழிக்கு ஆகவே ஆகாது என்று இரண்டாம் பக்கத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தீர்களே, அது நல்ல வேளையாக ஞாபகம் வந்தது. நன்றி சொல்ல வேண்டியது முறை. சொல்லிவிட்டேன்.

ஒரு ஆள் பிடிக்க, ஒரு ஆள் கட்ட, இது ரெண்டு பேர் வேலை, தனியாகச் செய்யாதே என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அவர் பிடித்தார். அவர் பிடிக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியாதா? கோழி அலமாரி மேலே, இவர் கையில் ரத்தத்தோடு நாற்காலி மேலே. பிறகு உங்கள் மகள் துண்டைச் சுற்றி மடியில் வைத்துப் பிடித்தாள். அசையவே இல்லை, கோழியும் அவளும். நீங்கள் சொல்லிக்கொடுத்த பிடியாம். கட்டு மட்டும் என் கையில் நிற்கவில்லை. உங்கள் படத்தைப் பார்த்து மூன்று முறை கட்டினேன், மூன்று முறையும் கழன்றுவிட்டது.

உங்கள் கடிதம் இப்போது உங்கள் மகளின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. எனக்கு வந்த கடிதம் அது. ஒவ்வொரு முறை மருந்து போடும்போதும் அவளிடம் கேட்டு வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன்.

தரை எப்படி, கோழிகள் ஏறி உட்காரும் கட்டை எவ்வளவு உயரம் என்று கேட்டிருந்தீர்கள். எல்லாம் நீங்கள் விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. மண் தரைதான்.

இப்படிக்கு,
கட்டத் தெரியாத தையல்காரி


புதன்கிழமை

அன்புள்ள அக்கா,

இதை உங்கள் மகளின் பையில் வைத்து அனுப்புகிறேன். விடுமுறைக்கு நீங்கள் அழைத்தீர்கள் என்றதும் குதித்துக்கொண்டு பெட்டி கட்டிவிட்டாள். துணியெல்லாம் துவைத்து இஸ்திரி போட்டுத்தான் வைத்திருக்கிறேன். நீலச் சட்டை இடுப்பில் பிடித்தது, பிரித்துத் தைத்தேன். உயரமாகிவிட்டாள், பார்த்தால் நீங்களே சொல்வீர்கள்.

போன கடிதத்தில் ஒரு பொய் எழுதினேன். பின்கட்டில் இப்போது மண் இல்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் சிமெண்ட் போட்டுவிட்டோம். மழை பெய்தால் சேறு வீட்டுக்குள் வருகிறது என்று நான்தான் அவரை நச்சரித்தேன். அவரும் நம்பினார். உண்மை அதுவல்ல. சாயங்காலமானால் உங்கள் மகள் அந்த மண்ணை நீங்கள் பெருக்கும் மாதிரியே பெருக்குவாள். அவர் அங்கேதான் நின்று டீ குடிப்பார். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அந்த இடத்தில் நீங்கள் இல்லாமலே இருந்தீர்கள். எனக்குத் தாங்கவில்லை. அதனால் மூடினேன். தண்ணீர் அடித்துக் கழுவ வசதியாக இருக்கட்டும் என்று கட்டையையும் தோள் உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். டீச்சர் தினமும் காலையில் அந்த உயரத்திலிருந்து சொரசொர சிமெண்டில் குதித்திருக்கிறாள்.

பத்து நாளில் ஆறி வந்த புண் மறுபடியும் வீங்கியது. இந்தத் தடவை சிவப்புக் கோழியும் நொண்ட ஆரம்பித்தது. உயரமும் கடினத் தரையும் இருக்கும் வரை எத்தனை கட்டுக் கட்டினாலும் திரும்ப வரும் என்று நீங்கள் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்ததை நான் முதல் நாளே படித்தேன். படித்தும் படிக்காத மாதிரி இருந்தேன். சிமெண்டை உடைத்தால், ஏன் போட்டாய் என்று யாராவது கேட்பார்களே.

கடைசியில் உங்கள் மகளை உட்கார வைத்து நானே சொன்னேன். டீச்சர் காலைக் கெடுத்தது நான்தான் என்றேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "எனக்குத் தெரியும். மூணாம் பக்கத்துல இருக்கே" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. உங்களோடு தினமும் அரை மணி நேரம் பேசுகிறவள் ஆயிற்றே, எல்லாம் சொல்லியிருப்பாள், நீங்களும் சிரித்திருப்பீர்கள் என்று நினைத்தேன். தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அம்மாகிட்ட சொல்லல. சொன்னா உங்களத் திட்டுவாங்க" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டு நான் அழுததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன், சொல்லுங்கள்.

அன்றைக்கே அவருடைய பெரிய சுத்தியலை எடுத்து உடைக்க ஆரம்பித்தேன். அவள் சின்னச் சுத்தியலோடு வந்தாள். அவர் வேலையிலிருந்து வந்து, "நல்லா இருந்ததை ஏன் ஒடைக்கிறீங்க?" என்று கேட்டார். இரண்டு பேரும் இன்னும் ஓங்கி அடித்தோம். மூன்று நாள் ஆனது. அடியில் மண் அப்படியே இருந்தது, அக்கா. மேலே மணலும் வைக்கோலும் பரப்பினோம். கட்டையை முழங்காலுக்குக் கீழே இறக்கி, முனையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

அதன் பிறகு கட்டுப் போட உட்கார்ந்தேன். வழக்கம்போல உங்கள் படத்தை எடுத்து முன்னால் வைத்தேன். அவள் அதை மடித்து வைத்துவிட்டு, "அம்மா மாதிரி கட்ட வேணாம். உங்களுக்கு எப்படி வருமோ அப்படிக் கட்டுங்க" என்றாள். பழைய மழைக்கோட்டை வெட்டி, முன்பக்க மூன்று விரலுக்கும் வழி விட்டு, கணுக்காலில் நாடா வைத்து ஒரு குட்டிச் செருப்பு தைத்தேன். கட்டின் மேலே மாட்டினேன். நான்கு நாளாகக் கழலவில்லை. டீச்சர் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிற நடையைப் பார்த்து உங்கள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குக் கதவு சாத்தவில்லை. வீக்கம் நன்றாக வடிந்திருக்கிறது, ஆனால் முழுக்க ஆற இன்னும் சில வாரமாகும்.

அங்கே புது வீடு பார்த்திருக்கிறீர்களாம். அவளுக்குத் தனி அறையாம், ஜன்னலோரம் மேஜையாம், நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடமாம். யாரும் என்னிடம் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பெற்றவள் நீங்கள். தனியாக வேலைக்குப் போய், இவ்வளவு நாள் காத்திருந்து அந்த வீட்டைப் பிடித்தவளும் நீங்கள். குறுக்கே நின்று பேச நான் யார்? அவள் என்னை இன்னும் "இங்க பாருங்க" என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். ஒரு ஆள் பிடிக்க, ஒரு ஆள் கட்ட, இது ரெண்டு பேர் வேலை என்று எழுதியது நீங்கள்தான். விடுமுறை இருபது நாளும் இவரை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு பிடிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவளுக்குப் பிடித்ததையெல்லாம் செய்து கொடுங்கள், நன்றாகத் தூங்க விடுங்கள். நீங்களும் அவளும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், மனசாரத்தான் சொல்கிறேன்.

ஆனால் இருபது நாளுக்கு மேல் போனால் இவரும் தாங்க மாட்டார், டீச்சரும் தாங்க மாட்டாள். நானும் தாங்க மாட்டேன், அக்கா.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
தங்கை