ஏப்ரன் பையில் மடக்குக் குறடு

அன்பு மகள் ராலிட்சாவுக்கு அம்மா எழுதுவது. ஹாலிஃபாக்ஸில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். இங்கே லோமில் பனி உருகி டான்யூப் கரை முழுக்கச் சேறு, என் முழங்கால் பரவாயில்லை. அப்பாவுக்குச் சின்ன மயக்கம் என்று போனில் சொன்னேன் அல்லவா, அது சின்னது இல்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுக் கூப்பிடு.

குளிர்காலத்தில் வாசல் பூட்டுக்குள் சாவி உடைந்து நாங்கள் இருவரும் பனியில் விறைத்து நின்றது உனக்குத் தெரியும். அன்றைக்கே எப்போதும் என்னோடு இருக்கிற மாதிரி ஒரு கருவிப் பை சேர்க்கத் தொடங்கினேன். முதலில் சுத்தியல்கூடப் போட்டேன், நடந்தால் இடுப்பில் இடித்தது. ஒரு வாரம் கை படாத பொருளை எடுத்து வெளியே வைத்தேன். குறைத்துக் குறைத்துக் கடைசியில் மூக்குக் கண்ணாடிக் கூடு அளவு வந்தது, ஒரு மடக்குக் குறடு, குட்டி ஸ்க்ரூ டிரைவர், விரல் நீள டார்ச், விசில், கொஞ்சம் கயிறு, பென்சில் துண்டில் சுற்றிய டேப். வெளியே போனால் கைப்பையில், வீட்டில் ஏப்ரன் பையில். உன் அப்பா சும்மா இருப்பாரா, ‘ஏன் ஸ்வெத்தானா, டான்யூப் பாலத்தையே கழட்டி எடுத்துட்டு வரப் போறியா’ என்று பக்கத்து வீட்டுப் பென்கா முன்னாலேயே கேட்டார். அவளும் சிரித்தாள்.

அன்று காலை அப்பா இன்சுலின் போட்டுக்கொண்டார். சீஸ் வைத்த பன்னித்ஸா மின்சார அடுப்பில் வெந்துகொண்டிருந்தது, வந்து எடுத்துத் தருகிறேன், அதற்குள் ஒரு துண்டு ரொட்டியாவது கடியுங்கள் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். அவர் கேஸ் அடுப்பில் காப்பி வைத்துக்கொண்டு ‘காப்பி குடிச்சிட்டுத்தான் ரொட்டி, நீ போ’ என்றார். குளித்து உடுத்திக் கதவைத் திறக்கப் போனால் கைப்பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டது, அதன் இரும்புத் தண்டு மறுபக்கமாக விழுந்து உருண்டது. ஜஹாரி, வந்து கதவைத் திறங்கள் என்று அப்பாவைக் கூப்பிட்டேன். பதிலுக்கு நாற்காலி சாய்கிற சத்தமும், பின்னாலேயே கனமாக ஏதோ விழுகிற சத்தமும் கேட்டன. அதன் பிறகு ஒன்றும் இல்லை. எத்தனை தடவை கத்தினேன் என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் காப்பி பொங்கி வழிந்து அடுப்பில் சீறுவது கேட்டது, அது அடங்கியதும் கதவிடுக்கு வழியாகக் கேஸ் நாற்றம் வந்தது. காப்பி கொட்டித் தீ அணைந்துவிட்டது என்று புரிந்தது. அந்தப் பக்கத்திலேயே பன்னித்ஸா வேகிற மின்சார அடுப்பு சூடாக இருக்கிறது. ராலி, ஒரு பொறி போதும், வீடே எரிந்துவிடும்.

குளியலறை ஆணியில் மாட்டியிருந்த ஏப்ரனில் கருவிப் பை இருந்தது. திறந்தால் ஸ்க்ரூ டிரைவர் இல்லை. தூண்டில் சக்கரத்தை முடுக்க உன் அப்பா எடுத்துப் போயிருக்கிறார், சொல்லவே இல்லை. அந்த நேரத்திலும் அவரைத் திட்டினேன். தொட்டியின் மேல் ஏறி, மேலே இருக்கிற சின்ன ஜன்னலில் வாயை வைத்து விசிலை விடாமல் ஊதினேன், ஊதிவிட்டு இறங்கிவந்து குறட்டின் மூக்கைக் கைப்பிடி இருந்த சதுர ஓட்டைக்குள் விட்டுத் திருகினேன். ஓட்டை பெரிது, குறடு வழுக்கியது. மறுபடி வழுக்கியது, விரல் கிழிந்தது. பிறகு டேப்பைக் கிழித்துக் குறட்டின் மூக்கில் சுற்றினேன், இறுக்கமாக நுழையும் வரை சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். கதவு திறந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு ஓடிக் கேஸை மூடினேன், ஜன்னல்களைத் திறந்தேன், ஸ்விட்ச் எதையும் தொடவில்லை. அப்பா மேஜைக்கடியில் கிடந்தார், வியர்வையில் நனைந்து, கண் திறந்தபடி, ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. அப்போதுதான் பென்கா வாசலில் வந்து ‘யாருடி அது, பந்து விளையாடுற பசங்கன்னு நெனச்சேன், இவ்ளோ நேரமா ஊதுறாங்களேன்னு...’ என்று தொடங்கியவள் அவரைப் பார்த்ததும் ஓடிவந்து காலைப் பிடித்தாள். இருவரும் அவரை முற்றத்துக்கு இழுத்துப் போட்டோம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, ரோஜா ஜாமை விரலில் தொட்டுத் தொட்டுக் கன்னத்தின் உள்ளே தடவினேன். என் விரலைக் கடித்தார். அந்தக் கடி எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கு எழுதத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் வாய் திறந்து ‘காப்பி என்னாச்சு’ என்றார். பென்கா அழுதுகொண்டே, ‘ஒன் காப்பில இடி விழ, ஊரையே கொளுத்தியிருப்பியே மனுஷா’ என்று கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் கையில் தட்டு வந்த பிறகுதான் ஊசி என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். கேஸ் அடுப்பைத் தூக்கிக் கொட்டகையில் போட்டுவிட்டேன். அவர் குளியலறைக் கைப்பிடியைப் புதிதாக மாற்றினார், மாற்றிவிட்டு ஏழெட்டுத் தடவை இழுத்துப் பார்த்தார்.

நீ அங்கே தனியாக இருக்கிறாய். பெரிய பெட்டி வாங்கி அலமாரியில் வைக்காதே, உன் கோட்டுப் பையில் அடங்குகிற அளவுக்குச் சேர், குளியலறைக்குப் போனாலும் கையோடு கொண்டுபோ. யாருக்கும் இரவல் கொடுக்காதே. உன் அப்பாவுக்குக்கூட.

இப்போதெல்லாம் நான் குளிக்கப் போனால் அவர் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார், பேப்பர் படிக்கிற மாதிரி. தண்ணீர்ச் சத்தம் நின்றால் போதும், ‘ஸ்வெத்தானா?’ என்கிறார். முதல் தடவை நான் பதில் சொல்வதில்லை. நாற்பது வருடத்தில் என் பெயரை அவர் இந்தக் குரலில் கூப்பிட்டதில்லை, இன்னொரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.

கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும், போகிற பாதையெல்லாம் நல்லதே நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பாவிடம் காப்பியைப் பற்றி மட்டும் கேட்காதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஸ்வெத்தானா