என் சண்டையில் நீ வாங்கிய டாக்டர் பட்டம்

நேற்று புத்தூரில் ஒரு வளைகாப்பு. தாம்பூலப் பையில் பச்சை நிற ஜாக்கெட் பிட் ஒன்று, மடிப்புக் கலையாமல், கஞ்சி வாசனையோடு இருந்தது. இது எத்தனை வீடு பார்த்துவிட்டு வந்ததோ என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நீ இருந்திருந்தால் சத்தமாகவே சிரித்திருப்பாய்.

நான் ஆபீசுக்கும் நீ காலேஜில் பாடம் எடுக்கவும் திருப்பதி பஸ்ஸில் சேர்ந்து போன வருஷங்களில், உன் ஆராய்ச்சியை என் காதில்தான் கொட்டினாய். உலகப்போர்க் காலத்தில் வெள்ளைக்கார சர்க்கார், தன் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளின் வியாபாரத்தை எப்படிக் கட்டிப் போட்டது என்பது தலைப்பு. உனக்கு எழுத வரும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத்தான் வராது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் முதல் தடவை பேச்சே எழாமல் திரும்பி வந்தாய். "இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா விட்டுடுவேன்டி" என்றாய். ஐம்பதை நெருங்கும் வயதில் நீ அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

அந்த நவராத்திரியில் உனக்கு வைத்துக்கொடுத்த ஜாக்கெட் பிட்டோடு ஒரு நிபந்தனையும் போட்டேன். "நீ தெச்சிக்கோ, இல்ல யாருக்கு வேணா குடு. எங்க நாத்தனா கைக்கு மட்டும் போவக்கூடாது." அவளோடு எனக்கு நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. நீ தலையாட்டினாய்.

இரண்டாவது வைவாவுக்கு நானும் லீவு போட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். "மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து, அப்படியே வேறு நாட்டுக்குப் போகிற சரக்கு. அதற்கு எதற்கு லைசென்ஸ்?" என்று தேர்வாளர் கேட்டார். நீ விழித்தாய். சட்டென்று என்னைப் பார்த்தாய். இங்கிலீஷை விட்டுத் தெலுங்குக்குத் தாவி, என் ஜாக்கெட் பிட், என் நிபந்தனை, என் நாத்தனார் என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தாய். "சண்டைன்னு வந்துட்டா, நாம குடுத்தது கைமாறி எதிராளிகிட்ட போயிடுமோன்னு பயம். சர்க்காருக்கும் அதே பயம்தான் சார்." ஹாலே சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார். நீ டாக்டர் ஆனாய்.

எனக்கோ மானம் போன கோபம். உன்னோடு பஸ் ஏறவில்லை. தனியாக வந்தவளுக்கு, ரேணிகுண்டா தாண்டும்போது தானாகச் சிரிப்பு வந்தது. நாலு வருஷச் சண்டையை ஒரு முழத் துணி வரைக்கும் இழுத்து யுத்தம் நடத்தியிருக்கிறேன். வீட்டுக்குப் போனதும் நாத்தனாருக்குப் போன் போட்டேன். "இன்னா அண்ணி, ராங் நம்பரா?" என்றாள்.

நீ கண்மூடிய சேதி வந்த அன்று, என்னைக் கைப்பிடித்து உன் வீட்டுக்கு அழைத்து வந்தவள் அவள்தான். உன் பட்டத்தில் என் பங்கு, நாத்தனார் உருவத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து என் கையால் காபி குடித்துவிட்டுப் போகிறது.