படத்தில் இருக்கும் பெட்டி

15.3.2005, செவ்வாய்

கொழுந்தன் சேகர், விற்க நான் முடைந்த ஓலைப்பெட்டியைப் படம் பிடித்தார். "வெப்சைட் போட்டா ஃபாரின்ல இருந்தே ஆர்டர் வரும் அண்ணி." அளவு கேட்டார். ஒன்றரைச் சாண் என்றேன். "சென்டிமீட்டர்ல சொல்லுங்க." என் சாணுக்கு ஏது சென்டிமீட்டர்?

அவர் போனதும், உப்பளத்தில் வேலை செய்யும் செல்வி அதே பெட்டியை வாங்கிப் போய்விட்டாள், சோறு கொண்டுபோக.

கண்ணை மூடினால் உப்புப் பாத்தியில் அந்தப் பெட்டி மிதக்கிறது. கம்ப்யூட்டருக்குள் கையை விட்டு ஒரு வெள்ளைக்காரி அதைத் திறக்கிறாள். உள்ளே செல்வியின் சோறும் கருவாடும்.

வெப்சைட் வேண்டுமா, தெரியவில்லை. போட்டால் சேகரிடம் சொல்ல வேண்டும்: "பெட்டி வேணாம் தம்பி, என் கையப் படம் புடிங்க." விற்றுப்போகாதது அது ஒன்றுதான்.