ஸுலைஹாவின் உதட்டுக்குக் குர்பான் கொழுப்பு

1973 ஜனவரி 16, செவ்வாய்

காலையில் பனிக்காற்று. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். நாலு வீட்டிலிருந்து, பலி கொடுத்த மாட்டின் குர்பான் இறைச்சி வந்தது. தனியாளுக்கு நாலு பங்கு. ஊர் என்மேல் எவ்வளவு இரக்கப்படுகிறது என்பதை எடை போட்டே பார்க்கலாம்.

ஸுலைஹா தாய்வீடு போய் இருபத்திரண்டு நாள்.

காரணத்தை ஒரு முறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். அவளுடைய மாமா மகளின் கல்யாணம். ஸஹனைச் சுற்றி, ஒரே பெரிய சோற்றுத் தட்டுக்கு, ஆறு பேர். எதிரில் இருந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்:

"ஒம்பது வருசமாச்சே மாஸ்டர், இன்னும் ஒரு விசேசமும் இல்லையா?"

நான்: "பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன். இறக்குமதியெல்லாம் இப்ப கஷ்டம் தானே?"

ஐந்து பேரும் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறியது. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் பந்தி. அங்கே யாரும் சிரிக்கவில்லை. அன்று மாலையே அவள் உம்மாவோடு பல்லேபொல பஸ் ஏறினாள். என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை: "சாவி ஜன்னல்ல இருக்கு."

ஜனவரிக் காற்றுக்கு அவள் உதடு வெடிக்கும். வருஷா வருஷம். கீழுதட்டில் நடுவில் ஒரு கோடு, சிரித்தால் இரத்தம் கசியும். முன்பெல்லாம் கண்டியிலிருந்து ஒரு சீமைக் களிம்பு வாங்கி வருவேன். இப்போது சீமைச் சாமான் எதுவும் இறங்காத காலம்; இன்று மருந்துக்கடையில் கேட்டேன். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அடுத்த அரசாங்கத்துல வந்து கேளுங்க."

17, புதன்

அவளுடைய அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு பத்திரிகைத் துண்டு ஒட்டியிருக்கிறது. ஒன்பது வருஷமாக அந்தக் கதவைத் திறக்கிறேன், இன்றுதான் படித்தேன். 'உதட்டு வெடிப்புக்கு வீட்டுக் களிம்பு.' மாட்டுக் கொழுப்பு இரண்டு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காயெண்ணெய் ஒரு பங்கு.

கொழுப்பு இருக்கிறது. குண்டிக்காயை, சிறுநீரகத்தை, சுற்றியிருக்கும் கொழுப்புத்தான் நல்லதாம். அடுத்த வீட்டு ஜெஸீமா தாத்தாவிடம் (தாத்தா என்றால் எங்களுக்கு அக்கா) கேட்டேன். அவருடைய பங்கில் இருந்ததைப் பூவரசம் இலையில் சுற்றித் தந்தார்.

"என்னத்துக்கு மாஸ்டர், விளக்குக்கா?"

"உதட்டுக்கு."

"யாருட உதட்டுக்கு?"

இலைப் பொட்டலத்தை இறுக்கி மடித்தேன். அவர் வேலியை விட்டு அசையவில்லை. கடைசியில், "அந்தப் புள்ள வந்தாத்தான் உங்களுக்கு ஒழுங்காச் சோறு," என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வேண்டியது சோறு இல்லை. அதை வேலிக்கு மேலால் சொல்ல முடியாது.

18, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டு வந்து வேலை. குறிப்பு:

1. கொழுப்பைப் பொடியாக வெட்டுதல். (கத்தி வழுக்கியது. இடது பெருவிரல்.)
2. தண்ணீர், உப்பு, சின்ன நெருப்பு. ஒன்றரை மணித்தியாலம்.
3. சீலையில் வடித்தல். ஆறவிடுதல். அடியில் சேரும் அழுக்கைச் சுரண்டுதல்.
4. மெழுகும் எண்ணெயும் சேர்த்து இளக்கி, ஒரு சொட்டைச் சாசரில் விட்டுப் பார்த்தல்.

முதல் தடவை மெழுகு கூடிவிட்டது. மேசைக்குப் பூசலாம், மனிதருக்குப் பூச முடியாது. இரண்டாம் தடவை பதம் சரி. ஆனால் மாட்டு வாடை. பெருநாள் காலையில் பள்ளிவாசல் பின்வளவில் நிற்பது போல.

ஜெஸீமா தாத்தா வேலிக்கு மேலால்: "ரெண்டு துளி கராம்பெண்ணெய் விடுங்க. வாசமும் வரும், கிருமியும் சாகும்."

மாத்தளையில் பிறந்தவனிடம் வாசனைச் சரக்கைப் பற்றி இரண்டு துளி என்று சொல்லக் கூடாது. நாங்கள் தேத்தண்ணிக்கும் ஏலக்காய் போடுவோம், தலைவலிக்கும் சாதிக்காய் பூசுவோம். கராம்பெண்ணெய் நாலு துளி. கறுவாப்பட்டை எண்ணெய் மூன்று. பிறகு அவளை நினைத்து இன்னும் ஒன்று. புறங்கையில் பூசிப் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் சோக்கட்டி பிடித்த கை.

வாசனை அருமை. ஒரு சின்னத் தகர டப்பியில் ஊற்றினேன்.

அவள் அதைச் சிறுவிரலால் எடுப்பாள். பூசியதும் இரண்டு உதடுகளையும் ஒரு முறை உள்ளே மடிப்பாள். யாரோ ஒரு இரகசியம் சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டது போல இருக்கும். ஒன்பது வருஷம் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

19, வெள்ளி

காலையில் செல்லையா மாஸ்டர் டப்பியைக் கண்டுவிட்டார். எஸ்டேட்டில் வளர்ந்தவர், என்னோடு படிப்பிக்கிறவர், அவருக்கும் உதடு வெடிப்பு. விரலை நீட்டியவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது.

"மாடு."

விரல் அந்தரத்தில் நின்றது. "அப்ப என் உதடு வெடிச்சே கெடக்கட்டுங்க." பிறகு மோந்து பார்த்து, "என்னா வாசம்! பல்லு டாக்டர் வீட்டுக்குள்ள போன மாதிரி இருக்கு," என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பின்னேரம் ஹனீபா வந்தான். ஸு.வின் தம்பி, மிளகு மூட்டையோடு வாரம் இரண்டு முறை டவுனுக்கு வருகிறவன். டப்பியைக் கொடுத்தேன். "லாத்தாவிடம் கொடு" என்றேன்; அக்காவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். கடிதம் வைக்கவில்லை. வைத்தால் அதில் ஒரு கேலி, ஒரு பகிடி வந்துவிடும் என்று பயம்.

20, சனி

செய்தி இல்லை. வேட்டி துவைத்தேன்.

21, ஞாயிறு

செய்தி இல்லை. கஞ்சி காய்ச்சினேன். இரண்டு கோப்பை எடுத்துவைத்துவிட்டேன். ஒன்றைத் திரும்ப அடுக்கில் வைக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று இதற்கு முன் எனக்குத் தெரியாது.

22, திங்கள்

ஹனீபா. வாசலுக்கு உள்ளே வரவில்லை.

"மச்சான், லாத்தாட உதடு வீங்கி, ரெண்டும் பலாச்சுளை மாதிரி. ரெண்டு நாளாப் பால் மட்டும் தான் குடிக்கிறா. அதையும் கரண்டியால."

"கராம்பெண்ணெய் கூடிப் போச்சு. வேணுமெண்டு செய்யல்ல, ஹனீபா."

"அது எனக்கு வெளங்குது. உம்மா கேட்டா, இதுவும் பகிடியாண்டு."

"லாத்தா என்ன சொன்னா?"

"லாத்தா ஒண்டும் சொல்லல்ல. எப்பிடிச் சொல்றது? வாயத் தொறக்க ஏலாதே." கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறினான். "ஆனா உம்மா அப்பிடிக் கேக்கக்குள்ள, இல்லையெண்டு தலையாட்டவும் இல்ல."

அவன் போன பிறகு வாசலிலேயே இருந்தேன். ஊரில் என் வாய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருபது வருஷமாகச் சேர்த்த பெயர். இனி நான் நெருப்புப் பிடித்துவிட்டது என்று கத்தினாலும் பக்கத்து வீட்டார் சிரித்து முடித்துவிட்டுத்தான் வாளி எடுப்பார்கள்.

23, செவ்வாய்

கடிதம்.

முதலாவது: ஸலாமுக்குப் பிறகு கராம்பின் குணம் பற்றி ஒரு பக்கம். கிழித்தேன்.

இரண்டாவது: மூன்றாம் வரியில் 'பலாச்சுளை' வந்தது. கிழித்தேன்.

மூன்றாவது: "ஸுலைஹா, அது பகிடி இல்லை." இதற்குப் பிறகு ஒன்றும் எழுத வரவில்லை. பரீட்சைத் தாளில் என்றால் பத்துக்கு ஒன்று போட்டிருப்பேன்.

அனுப்பவில்லை.

24, புதன்

மிச்சக் கொழுப்பு. மூன்று தரம் உப்புத் தண்ணீரில் உருக்கி, மூன்று தரம் வடித்தேன். வாடை அநேகமாகப் போய்விட்டது. மெழுகு, தேங்காயெண்ணெய். வேறு ஒன்றும் இல்லை.

ஜெஸீமா தாத்தா: "ஏலத்தையாவது தட்டிப் போடுங்க, வெறுமனே எப்பிடி?"

"வெறுமனே தான்."

"மனுசன் மாறிட்டாரு," என்று கோழிக்குச் சொன்னார்.

மாத்தளைக் கை ஏலப் போத்தல் வரை போய்த் திரும்பியது. ஒரு சொட்டு ஏலமாவது! போடவில்லை. என் உதட்டிலேயே பூசிக்கொண்டேன். இனி மூன்று நாள் இது என் உதட்டில் இருக்கட்டும்.

26, வெள்ளி

எரிவு இல்லை. வீக்கம் இல்லை. உதடு மினுங்குகிறது. ஜும்ஆத் தொழுகையில் பக்கத்தில் இருந்தவர், "எங்க சாப்பாடு?" என்று கேட்டார்.

28, ஞாயிறு

பல்லேபொல. காலை பஸ். மாமி வீட்டு முற்றத்தில் பாக்கு காய்ந்தது. மாமி என்னோடு நேரில் பேசவில்லை. ஹனீபாவிடம் பேசினார்.

"வந்தவரைக் குந்தச் சொல்லு."

குந்தினேன்.

"என்னத்துக்கு வந்தாராம்?"

டப்பியை ஸ்டூலில் வைத்தேன். மாமி அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

உள்வாசல் திரைக்குப் பின்னால் ஸு.வின் குரல். முப்பத்துநாலு நாளைக்குப் பிறகு. "அவரையே முதல்ல பூசச் சொல்லுங்க."

பூசினேன்.

மாமி: "கொஞ்சம் இருந்து பார்ப்பம்."

கால் மணித்தியாலம். மாமி, ஹனீபா, திரையின் இடுக்கில் ஒரு கண். மூன்று பேர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லக்கூடியவை குறைந்தது ஐந்து மனதில் வந்தன. ஐந்தும் நல்லவை. வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாமி கடைசியில் எழுந்து, "ஹனீபா, பாக்கைக் கிளறணும், வா," என்றார். இரண்டு பேரும் போனார்கள்.

அவள் வெளியே வரவில்லை. திரையைக் கொஞ்சம் ஒதுக்கினாள். வீக்கம் வற்றியிருந்தது. நடுவில் அந்தக் கோடு, ஆழமாக. 

"கல்யாண வீட்டுல ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"அவங்க கேட்டா எனக்குப் பயம். நானே முந்திச் சிரிக்க வச்சா, அதுக்கு மேல கேக்க மாட்டாங்க."

"நான் திரைக்குப் பின்னால தானே இருந்தேன்."

"ஓம்."

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"சொன்ன பொறகு தான் ஞாபகம் வந்திச்சு."

"ஒம்பது வருசம் என்னைக் கேட்டவங்களுக்கெல்லாம் நான் பேசாம இருந்தேன். உங்களைப் பத்தி ஒரு சொல் சொன்னதில்ல."

 "எனக்கும் புள்ள வேணும், ஸுலைஹா," என்றேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் இல்லை.

 அவள் கை நீட்டி டப்பியை எடுத்தாள். சிறுவிரல். இரண்டு உதடும் உள்ளே மடிந்தன.

"நீ இப்பிடிப் பூசுறதைப் பார்க்க எனக்கு ஆசை," என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னைக் கூட்டிப் போக வராதீங்க. யாரும் கூட்டி வந்து விட்டதா இருக்கக் கூடாது. வாரதெண்டா நானே வருவேன்."

"எப்ப?"

"வந்தா, வெள்ளிக்கிழமை பஸ்ஸுல வருவேன்."

திரை விழுந்தது.

31, புதன்

பேப்பர் திருத்தினேன். ஏழாம் வகுப்பு. 'காத்திருத்தல்' என்று ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் பாதிப் பேர் 'பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்' என்று எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் முழுப் புள்ளி.

பெப்ரவரி 2, வெள்ளி

வெயில். காற்று இல்லை. ஜும்ஆ முடிந்து நேரே பஸ் நிலையம். கூட்டிப் போக அல்ல, நிலையத்தில் நிற்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

இரண்டு மணி பஸ்: பாக்குச் சாக்கோடு ஒருவர், பிக்கு ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு பெண்.

மூன்றரை பஸ்: இறங்கியவர் யாரையும் எனக்குத் தெரியாது.

சைக்கிளில் போன செல்லையா மாஸ்டர் காலை ஊன்றி நின்றார். "என்னங்க மாஸ்டர், யாருக்கு வெயிட் பண்றீங்க?"

ஒரு நல்ல பதில் நாக்கு நுனியில் இருந்தது.

"என் வீட்டுக்காரிக்கு," என்றேன்.

அவர் சிரிக்கக் காத்திருந்தார். நான் ஒன்றும் சேர்க்கவில்லை. சைக்கிளைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

இதைப் பஸ் நிலையத்திலேயே எழுதுகிறேன். கடைசி பஸ் ஐந்தே காலுக்கு.